ஒரே மாலையில் கொட்டானும் கேக்கும்

கேட்டவர் எழுதியதன் சுருக்கம் இது: "காரைக்குடியில் இரண்டு பெட்ரூம் ஃப்ளாட். சனிக்கிழமை சாயங்காலம் நானும் ஒன்பது வயது மகளும் ஆறு வயது மகனும் சேர்ந்து பனையோலைக் கூடையான கொட்டான் பின்னி, லேஸும் மணியும் ஒட்டி, அதில் கருஞ்சிவப்புக் கவுனி அரிசி கேக் வைத்து, மறுநாள் நாத்தனார் வீட்டுப் புதுமனைக்குக் கொண்டுபோக நினைத்தோம். சாயப்பொடி வாங்கி நாங்களே ஓலைக்குச் சாயம் ஏற்றினோம். எல்லாவற்றையும் ஆறு மணிக்கே எடுத்துப் பரப்பிவிட்டுத்தான் உட்கார்ந்தோம். ஓலை பின்னப் பின்னக் கீறியது. ஓவன் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருந்தது. லேஸைத் தேய்க்க அயர்ன் பாக்ஸைப் போட்டதும் எங்கள் வீட்டுக்கு மட்டும் கரண்ட் போனது. கேக் நடுவில் குழிந்து சாம்பல் நிறத்தில் வந்தது. சிவப்புச் சாயம் ஹாலில் தரைக்குப் போட்ட ஆத்தங்குடிக் கல்லில் இறங்கிவிட்டது. பதினொன்றரை வரை கழுவினேன். பிள்ளைகள் அழுதுகொண்டே தூங்கினார்கள். ஃப்ளாட்டில் இதெல்லாம் ஆகாத காரியமா ஆச்சி? கொட்டானுக்கு வார்னிஷ் அடித்தால் நிற்குமா?"

ஆகும். நானும் ஃப்ளாட்டில்தான் இருக்கிறேன், மூன்றாவது மாடி. கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிவைத்து ஓலை வேலையும் பேக்கிங்கும் சொல்லிக்கொடுத்துப் பல வருஷம் ஆகிறது. நீங்கள் எழுதியதில் பாதிக்கு மேல் என் வீட்டு ஹாலிலும் நடந்திருக்கிறது. உங்கள் கைமேல் குறையே இல்லை. "எல்லாவற்றையும் ஆறு மணிக்கே எடுத்துப் பரப்பிவிட்டு" என்று எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் வேலைக்கு வேலை இடம் பிரிந்திருந்தது. வந்தவர்கள் முகப்பில் உட்காருவார்கள். வற்றல், மிளகாய், நெல் எல்லாம் காய்வது நடு முற்றமான வளவு வெயிலில். நெருப்பும் புகையும் பின்கட்டில். கானாடுகாத்தானில் என் அப்பத்தா கொட்டான் பின்னுவதற்கு வளவுத் தூண் ஓரம் ஒரு இடம் வைத்திருந்தார். பக்கத்தில் விளிம்பு பெயர்ந்த எனாமல் கிண்ணத்தில் தண்ணீர். பழைய கண்டாங்கிச் சேலைத் துண்டை நனைத்து, ஓலையை அதற்குள் சுருட்டி வைத்திருப்பார். வேண்டியபோது ஒரே ஒரு ஓலையை உருவிக்கொண்டு துணியை மறுபடி மூடிவிடுவார். அடுப்பங்கரையிலிருந்து யாராவது வந்தால் தலையைத் தூக்காமலே, "எண்ணெய்க் கையா? அங்கேயே நில்லு" என்பார். எண்ணெய் பட்ட ஓலையில் சாயம் ஏறாது, திட்டுத் திட்டாக நிற்கும். அதற்காகத்தான் அந்தக் கண்டிப்பு.

ஃப்ளாட்டில் நமக்கு அந்தக் கட்டுகள் கிடையாது. ஒரு ஹால், ஒரு மேடை, ஒரு சிங்க். இடத்தைப் பிரிக்க வழியில்லை என்றால் நேரத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். அதற்கு முதலில் எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்று தெரிய வேண்டும். பேக்கிங் பவுடர் கலந்த மாவு காத்திருக்காது. நனைத்த ஓலை காத்திருக்காது. லேஸ் ஒட்டும் வேலை எத்தனை மணி நேரமும் காத்திருக்கும். சாயம் போட்ட ஓலை நிழலில் வாரக்கணக்கில் கிடக்கும். காத்திருக்காத இரண்டையும் நீங்கள் ஒரே நேரத்தில் கையில் எடுத்தீர்கள். ஒன்றைக் கவனிக்கும்போது மற்றது கெட்டது, அவ்வளவுதான்.

நம் நகரத்தார் வழக்கத்திலேயே இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. பிள்ளையார் நோன்பு அன்று நூலும் மாவும் ஒரே மாலையில் சேருகின்றன. ஆனால் நூல் வேலை அன்றைக்கு நடப்பதில்லை. திருக்கார்த்திகையிலிருந்து நாளுக்கு ஒரு இழையாகச் சேர்த்து, நோன்பன்று 21 இழையும் தயாராக இருக்கும். மாவு மட்டும்தான் அன்றைக்குப் பிசைவது. அந்த இழைகளைத் திரியாக்கி மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வோம். வீட்டில் இருபது பேர் இருந்தாலும் அந்த மாலையில் தடுமாற்றம் வராது. காத்திருக்கும் வேலையை முன்னாலேயே முடித்துவிட்டார்கள், காத்திருக்காத வேலைக்கு அந்த மாலையைக் கொடுத்தார்கள்.

இனி உங்கள் வீட்டில் நடந்ததை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் கரண்ட். இது அழகு சம்பந்தப்பட்டது இல்லை, பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. சாதாரண சின்ன பிளக் பாயிண்ட் 6 ஆம்பியர். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். பெருக்கினால் 1380 வாட். அந்த பாயிண்ட்டும் அதில் செருகும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் தாங்குவது அவ்வளவுதான். நடுத்தர அளவு ஓவன் ஒன்றே 1500 வாட் அளவுக்கு இழுக்கும். அயர்ன் பாக்ஸ் இன்னொரு 1000 வாட். இரண்டும் ஒரே பாக்ஸில் 2500 வாட். லோடு கூடினால் தானாக விழும் எம்.சி.பி. சுவிட்ச் விழுந்ததற்குச் சந்தோஷப்படுங்கள், விழாமல் இருந்திருந்தால் ஒயர் சூடாகி உருகியிருக்கும். ஓவனை மிக்ஸி பாயிண்ட்டில் போடாதீர்கள். ஃப்ரிட்ஜுக்கோ ஏ.சி.க்கோ கொடுத்திருக்கும் பெரிய 16 ஆம்பியர் பாயிண்ட்டில் நேரடியாகப் போடுங்கள், நடுவில் எந்தப் பாக்ஸும் வேண்டாம். அப்படி ஒரு பாயிண்ட் அடுப்படியில் இல்லையென்றால், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தனி ஒயர் இழுத்து ஒன்று வைத்துவிடுங்கள். ஓவன் ஓடும்போது அயர்ன் பாக்ஸ், ஹீட்டர், மோட்டார் மூன்றும் ஓயட்டும்.

கரண்ட் போனதுதான் கேக்கையும் குழியாக்கியது. மாவு ஓவனுக்குள் போனதும் முதலில் உள்ளே இருக்கும் காற்றுக் குமிழிகள் விரிகின்றன, மாவு எழும்புகிறது. முட்டையும் மாவுச்சத்தும் வெந்து இறுகிச் சுவர் கட்டுவது அதற்குப் பிறகு. கேக் உள்ளே போய் இருபது நிமிஷம் இருக்கும்போது கரண்ட் போனதாகச் சொல்கிறீர்கள். அந்த நேரத்தில் ஓரம் இறுகியிருக்கும், நடு இன்னும் கூழாக இருக்கும். சூடு இறங்கியதும் குமிழிகள் சுருங்கின, தாங்கப் பிடிக்கச் சுவர் இல்லை, நடு உட்கார்ந்துவிட்டது. கரண்ட் வந்தபின் மறுபடி வைத்தது அந்தக் குழியை வேகவைக்கத்தான் உதவியது. ஓவனை பாதியில் திறந்து பார்த்தாலும் இதேதான் நடக்கும். அரை மணி நேரம் ஆகும்வரை கதவில் கை வைக்காமல் கண்ணாடி வழியாகப் பார்த்தால் போதும்.

கரண்ட் போகாமல் இருந்திருந்தாலும் அந்தக் கேக் முழுதாக எழும்பியிருக்காது என்று நினைக்கிறேன். மாவைக் கலக்கி வைத்துவிட்டு, ஓலை கீறுகிறதே என்று முக்கால் மணி நேரம் அங்கே போய்விட்டீர்கள். பேக்கிங் பவுடர் ஈரம் பட்டதும் வேலையை ஆரம்பித்துவிடும். முதல் நுரை மேடையிலேயே போய்விடும், ஓவனுக்குக் கொஞ்சம்தான் மிச்சம். ஆப்ப சோடா இன்னும் அவசரக்காரன், தயிரைப் பார்த்த நிமிஷமே பொங்கி முடித்துவிடும். அதனால் ஓவன் சூடாகி, டின்னில் நெய் தடவி, பட்டர் பேப்பர் போட்டு, பிள்ளைகள் கை கழுவி, எல்லாம் ஆனபிறகுதான் ஈரமும் பொடியும் சேர வேண்டும். சேர்ந்த பத்து நிமிஷத்தில் டின் ஓவனுக்குள் இருக்க வேண்டும்.

இப்போது கவுனி. பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போனவர்கள் அங்கிருந்து கொண்டுவந்த அரிசி என்று இங்கே வழிவழியாகச் சொல்வார்கள். நம் கல்யாண வீட்டில் கவுனி அரிசி இனிப்பு இல்லாமல் இலை நிறையாது. அதைக் கேக்கில் போட நினைத்தது நல்ல யோசனை, விட்டுவிடாதீர்கள். ஆனால் மைதாவே போடாமல் முழுக்கக் கவுனி மாவில் செய்திருக்கிறீர்கள். மைதாவில் இருக்கும் பசைச்சத்து எந்த அரிசியிலும் கிடையாது. கவுனியை வேகவைத்தால் கையில் ஒட்டுமே, அது மாவுச்சத்தின் ஒட்டல். காற்றைப் பிடித்துவைக்கும் வலை வேறு. மூன்றில் ஒரு பங்கு கவுனி, மீதி மைதா என்று வைத்துக்கொள்ளுங்கள். எழும்பவும் செய்யும், கவுனியின் வாசமும் நிற்கும்.

நிறம் சாம்பலானதற்குக் காரணம் சோடா. கவுனியின் கருஞ்சிவப்பு, நாவல்பழத்திலும் சிவப்பு முட்டைக்கோசிலும் இருக்கும் அதே வகை நிறப்பொருளால் வருவது. புளிப்பில் சிவப்பாக நிற்கும், சோடா மாதிரிக் காரத்தன்மை உள்ளதில் நீலமாகவும் சாம்பலாகவும் மாறும். நீங்களே பார்க்கலாம்: கவுனி ஊறவைத்த தண்ணீரை இரண்டு டம்ளரில் எடுத்து, ஒன்றில் நாலு சொட்டு எலுமிச்சை, இன்னொன்றில் ஒரு சிட்டிகை சோடா போடுங்கள். பிள்ளைகள் அந்த ஒன்றை மட்டுமே ஒரு மணி நேரம் செய்துகொண்டிருப்பார்கள். கேக்குக்கு சோடாவை விட்டுவிட்டு பேக்கிங் பவுடர் மட்டும் போட்டு, புளித்த தயிர் சேர்த்தால் நிறம் நன்றாக நிற்கும்.

என் கணக்கு இது, ஏழு அங்குல டின்னுக்கு. கவுனி மாவு 60 கிராமை 60 மில்லி பாலில் ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். மில்லில் அரைத்த கவுனி மாவு கொஞ்சம் குருணையாகத்தான் இருக்கும், ஊறாவிட்டால் பல்லில் நறநறக்கும். வெண்ணெய் 120 கிராம், சர்க்கரை 150 கிராம், இரண்டையும் வெளுக்கும்வரை அடித்து, முட்டை மூன்றை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடியுங்கள். ஊறிய கவுனி, புளித்த தயிர் கால் கப். கடைசியில் மைதா 120 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு ஏலக்காய்ப் பொடி. மைதா சேர்ந்தபிறகு கரண்டியால் மடித்துக் கலந்தால் போதும், அடிக்கக்கூடாது. 170 டிகிரியில் நாற்பது, நாற்பத்தைந்து நிமிஷம். வெந்ததா என்று பார்க்கக் கத்தி வேண்டாம். ஓலையிலிருந்து உரித்த ஈர்க்கு கையிலேயே இருக்கிறதே, ஒன்றைக் கழுவித் துடைத்து நடுவில் குத்திப் பாருங்கள். சாயம் போடாத ஓலையின் ஈர்க்காக இருக்கட்டும்.

ஓலைக்கு வருகிறேன். இதைப் பற்றிப் பேச எனக்கு எப்போதும் ஆசை உண்டு. கொட்டான் பின்னுவது ஏறக்குறைய நின்றுபோயிருந்த வேலை. எம்.ஆர்.எம்.ஆர்.எம். கல்சுரல் பவுண்டேஷன் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து மறுபடி எழுப்பியது, பிறகு செட்டிநாடு கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அடி சதுரமாகவும் வாய் வட்டமாகவும் வரும் அந்த வடிவத்தை ஒன்பது வயதுப் பெண் பழகுகிறாள் என்று படித்தபோது எனக்கு மனசு நிறைந்தது.

ஓலை ஏன் கீறியது? நீங்கள் வாங்கியது காய்ந்த குருத்தோலை. அது சரியான சரக்குதான். இருபது நிமிஷம் ஊறவைத்ததும் சரி. ஆனால் ஊறிய ஓலை முழுவதையும் தாம்பாளத்தில் பரப்பி, மேலே ஃபேனைப் போட்டுவிட்டு, ஓவன் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். அடிப் பின்னல் முடிவதற்குள் மீதி ஓலை காய்ந்துவிட்டது. மூலை திருப்பும் இடத்தில்தான் ஓலைக்கு அதிக இழுப்பு, அங்கேதான் கீறும். என் அப்பத்தா செய்ததைத்தான் நீங்களும் செய்ய வேண்டும். ஈரத் துண்டுக்குள் சுருட்டி வையுங்கள், ஒவ்வொன்றாக உருவுங்கள், பின்னும்போது ஃபேனை நிறுத்துங்கள். வியர்க்கும், பரவாயில்லை, ஜன்னலைத் திறந்துவையுங்கள். ஓலை வேலை செய்பவர்கள் காலையிலும் சாயங்காலத்திலும் உட்காருவது, நடுப்பகல் காற்று ஓலையின் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால்தான்.

பதம் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். ஒரு ஓலை நாடாவை மடித்து, மடிப்பைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தி ஓட்டுங்கள். சத்தமில்லாமல் மடிந்து, விரித்ததும் வெறும் கோடு மட்டும் தெரிந்தால் பதம். மெல்லிசாக 'படக்' என்று கேட்டால் இன்னும் பத்து நிமிஷம் துணிக்குள் போகட்டும். உங்கள் மகளிடம் இந்த வேலையைக் கொடுங்கள். அந்தச் சத்தத்தைப் பிள்ளைகள் நம்மைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் ராத்திரி முழுக்கத் தண்ணீரிலேயே போட்டுவைக்காதீர்கள், கருப்புப் புள்ளி விழுந்துவிடும்.

பின்னி முடித்தபிறகு ஃபேன் வேண்டும். ஈர ஓலையில் பெவிகால் பிடிக்காது, லேஸ் மறுநாள் உரிந்து தொங்கும். இரண்டு மணி நேரமாவது காற்றில் காயட்டும். காய்ந்ததும் ஓலை கொஞ்சம் சுருங்கிப் பின்னலில் இடைவெளி தெரியும், அப்போது விரலால் ஒவ்வொன்றாக நெருக்கித் தள்ளிவிட வேண்டும். கடையில் இருக்கும் கொட்டான் கெட்டியாக இருப்பதற்கு இந்த நெருக்கல் ஒரு முக்கியமான காரணம். வீட்டில் பின்னுகிறவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுகிறார்கள்.

சாயத்தைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். சாயம் காய்ச்சிய பாத்திரம் அடுப்படிக்குத் திரும்பக் கூடாது. நீங்கள் பால் காய்ச்சும் பாத்திரத்தில் காய்ச்சியதாகச் சொல்கிறீர்கள். அதை இனி சாயத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பொடி சாப்பாட்டுக்கானது இல்லை. முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகளில் ஓட்டையில்லாத பழைய எனாமல் பாத்திரம் கிடைக்கும். சாயத்துக்கு அதுதான் வசதி, கறை பிடிக்காது. சாயவேலையை இரண்டு மூன்று நாள் முன்னாலேயே, சமையல் முடிந்த ஒரு ராத்திரியில் முடித்துவிடுங்கள். சாயத்திலிருந்து எடுத்த ஓலையை, அலசிய தண்ணீர் தெளிவாக வரும்வரை அலச வேண்டும். உங்கள் ஓலையில் அலசல் போதவில்லை, அதனால்தான் மறுபடி நனைத்தபோது சிவப்பு இறங்கிக் கல்லில் போய் உட்கார்ந்தது.

ஆத்தங்குடிக் கல்லில் கறை ஏன் இவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பதற்கு அது செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. அது சுட்ட ஓடு இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, நிறம் கலந்த சிமெண்ட்டை ஊற்றி, அதன்மேல் சிமெண்டும் மணலும் போட்டு, காயவைத்து, தண்ணீரில் ஊறவைத்து இறுக்குகிறார்கள். சூளையே கிடையாது. அந்தப் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருவது, மேலே கண்ணாடிப் பூச்சு ஒன்றும் இல்லை. அதனால் கல் குடிக்கும். வீட்டில் வருஷக்கணக்காகத் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்த கல் கொஞ்சம் தாங்கும். புதுக் கல் எதையும் தாங்காது.

பாத்ரூம் ஆசிட் ஊற்றிப் பார்க்கலாமா என்று யோசிக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். ஆசிட் சிமெண்ட்டைத் தின்றுவிடும். கறையோடு பூவும் போய், சொரசொரவென்று ஒரு வெள்ளை வட்டம் நிற்கும். எலுமிச்சை, வினிகர்கூட இந்தக் கல்லுக்கு ஆகாது. சமையல் சோடாவைத் தண்ணீர் விட்டுக் களியாகக் குழைத்து, கறைமேல் அரை விரல் கனத்துக்கு அப்பி, மேலே பாலித்தீன் பேப்பரைப் போட்டு ஓரத்தை ஒட்டி ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் பேப்பரை எடுத்துவிட்டு, களி தானாகக் காய்ந்து உதிரட்டும். காயும்போது சாயத்தைக் கொஞ்சம் மேலே உறிஞ்சிக்கொண்டுவரும். இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கலாம். கடைசியில் ஈரத் துணியால் துடைத்து, காய்ந்ததும் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடையுங்கள். மெல்லிய ரோஸ் நிழல் ஒன்று மிஞ்சினாலும் வெளிச்சத்தில் நாள்பட மங்கும்.

வார்னிஷ் கேட்டிருந்தீர்கள். சாப்பிடும் பொருள் வைக்கும் கொட்டானுக்கு வார்னிஷ் வேண்டாம். இதில் என் அனுபவம் ஒன்று உண்டு. ஒரு வருஷம் வகுப்புக்கு மர டப்பாக்களுக்கு வார்னிஷ் அடித்துவிட்டு, அதே மாலை பக்கத்து மேடையில் வெண்ணெயை இளகுவதற்குத் திறந்துவைத்திருந்தேன். கேக் பார்க்க அழகாக வந்தது. வாயில் வைத்ததும் தின்னர் வாசம். கொழுப்பு பக்கத்தில் இருக்கும் வாசத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும், அது மல்லிகைப்பூவாக இருந்தாலும் சரி, தின்னராக இருந்தாலும் சரி. இருபத்திரண்டு பிள்ளைகளுக்குச் செய்த கேக், அத்தனையையும் குப்பையில் போட்டேன். அன்றைக்குப் பிள்ளைகள் முகம் போன போக்கு இன்னும் எனக்கு மறக்கவில்லை. தவிர, தின்னர் ஆவி நெருப்பைப் பிடிக்கும். கேஸ் அடுப்பு இருக்கும் மூடிய ஃப்ளாட்டில் அந்த டப்பாவைத் திறக்கவே வேண்டாம்.

ஓலைக்கும் கேக்குக்கும் நடுவில் எப்போதும் ஒரு தடுப்பு இருக்கட்டும். சாயம் போட்ட கொட்டானில் கேக்கை நேரடியாக வைக்கக்கூடாது. வாழையிலையை அடுப்பில் லேசாக வாட்டி, வட்டமாக நறுக்கி அடியிலும் சுற்றிலும் போட்டால் கொட்டானுக்கும் அழகு, கேக்கும் ஈரம் விடாது. கேக் நன்றாக ஆறியபிறகுதான் உள்ளே போக வேண்டும். வெதுவெதுப்பாக வைத்து மூடினால் ஆவி ஓலையில் இறங்கி, காலையில் ஊசல் வாடை வரும்.

பிள்ளைகளுக்கு வேலை கொடுப்பதில் ஒரு மாற்றம் செய்யுங்கள். மகனிடம் குட்டி மணிகளைக் கொடுத்து மாவுக் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்திருக்கிறீர்கள். கடுகளவு கண்ணாடி மணி மாவுக்குள் விழுந்தால் கண்ணுக்கே தெரியாது. மாவு மேடையில் இருக்கும்வரை மணி டப்பா மூடியே இருக்கட்டும். கேக் ஓவனுக்குள் போனதும் அந்த முக்கால் மணி நேரம்தான் மணி கோர்க்கும் நேரம். தாம்பாளத்தில் பழைய துண்டை விரித்து அதன்மேல் மணியைக் கொட்டினால் உருளாது. லேஸ் தேய்க்கும் வேலையை முந்தின நாளே நீங்கள் முடித்துவிடுங்கள். க்ளூ கன் ஆறு வயதுக்கு ஆகாது, அதன் முனை தோலைப் பொசுக்கிவிடும். பெவிகால் மெதுவாகப் பிடித்தாலும் ஓலைக்கு அதுதான் நல்லது. சூடான க்ளூ ஓலையில் மேலோட்டமாக ஒட்டி, ஆறினதும் பெயர்ந்து வரும்.

ஆக, சாயம் ஏற்றிய ஓலையும் தேய்த்த லேஸும் முன்னாலேயே தயாராக இருந்தால் சனிக்கிழமை நாலு மணிக்கு ஓலையை ஊறப்போடலாம். ஊறும் நேரத்தில் பொடி வகைகளை அளந்து மூடி வைத்து, கவுனியைப் பாலில் ஊறவிட்டு, வெண்ணெயை வெளியே எடுத்து வையுங்கள். நாலரையிலிருந்து ஆறு வரை ஹாலில் பின்னல் மட்டும், அடுப்படியில் யாரும் இல்லை. ஆறு மணிக்குக் கொட்டான் ஃபேனுக்கு அடியில் போகிறது, ஓலைத் துணுக்கைப் பெருக்கி எடுக்கிறீர்கள், எல்லோரும் கை கழுவுகிறீர்கள், ஓவன் சூடாகிறது. ஏழுக்குள் கேக் உள்ளே. எட்டரைக்கு கொட்டானும் காய்ந்திருக்கும், கேக்கும் ஆறியிருக்கும். அப்போது லேஸ் ஒட்டி, மணி கட்டி, அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் வாழையிலை போட்டுக் கேக்கை வைத்தால் போதும்.

கழுவுவதும் குறையும். மாவும் முட்டையும் ஒட்டிய பாத்திரத்தில் முதலில் சுடுதண்ணீர் விடாதீர்கள், வெந்து பசையாகி ஒட்டிக்கொள்ளும். வழித்து எடுத்துவிட்டுப் பச்சைத் தண்ணீர், பிறகு சோப்பு. பெவிகால் ஈரமாக இருக்கும்போதே ஈரத் துணியால் துடைத்துவிட வேண்டும், சிங்கில் ஊற்றக் கூடாது. ஜிகினாத் தூள் சிந்தியிருந்தால் விளக்குமாறு அதை வீடு முழுக்கப் பரப்பும். கொஞ்சம் மைதாவைப் பிசைந்து உருண்டையாக்கி ஒற்றி எடுங்கள், அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

அந்தக் குழிந்த கேக் இன்னும் ஃப்ரிட்ஜில் இருப்பதாகச் சொன்னீர்கள். நடுவில் வேகாத ஈரப் பகுதியை வெட்டி எடுத்துவிடுங்கள். மீதியை உதிர்த்து, தேங்காய்த் துருவலை நெய்யில் வறுத்துச் சேர்த்து, கொஞ்சம் கருப்பட்டிப் பாகு விட்டு மாவுருண்டை மாதிரி பிடியுங்கள். நிறத்தை யாரும் கேட்கமாட்டார்கள், கருப்பட்டி அதைச் சரிசெய்துவிடும். பாகு கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபிறகு பிள்ளைகளைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

கீறிப்போன ஓலையையும் எறிய வேண்டாம். கீறாத பகுதியை நறுக்கி எடுத்து, மறுபடி நனைத்து, உங்கள் மகனுக்கு ஒரு கிலுகிலுப்பை பின்னிக்கொடுங்கள். நாலு துண்டு, ஒவ்வொன்றும் ஒரு சாண் இருந்தால் போதும். உள்ளே இரண்டு புளியங்கொட்டை.